பக்கவாட்டை அறையாக்கும் முன் உள்ளறை ஜன்னலைப் பாருங்கள்

தோட்டத்து வீட்டைக் காலி செய்துவிட்டு வயதான பெற்றோர் பட்டணத்துப் பிள்ளைகளிடம் வந்து சேரும்போது, அவர்களை எங்கே படுக்க வைப்பது என்ற கேள்வி எழுகிறது. தாமான் வீட்டின் மூன்று அறைகளும் ஏற்கனவே நிறைந்திருக்கும். உடனே கண் பக்கவாட்டுக்குப் போகும். மூலை வீடாக இருந்தால், வீட்டுச் சுவருக்கும் மதிலுக்கும் இடையே கூரை போட்டு நீட்டிய இடம் ஒன்று இருக்கும். துணி காய்வதும், பெருநாளுக்கு முறுக்கு சுடுவதும் அங்கேதான். இரண்டு பக்கம் சுவர் எழுப்பினால் அறை தயார் என்று தோன்றும்.

முதலில் பார்க்க வேண்டியது புதிய அறையை அல்ல, அதை ஒட்டியுள்ள பழைய அறையை. அந்த அறையின் ஜன்னல் பெரும்பாலும் இந்தப் பக்கவாட்டைப் பார்த்துத்தான் திறக்கும். பக்கவாட்டை மூடினால் அந்த அறைக்குக் காற்றும் வெளிச்சமும் போய்விடும். ஓர் அறை கிடைத்தது போலத் தெரிந்தாலும், பகலிலும் விளக்குப் போட வேண்டிய இன்னோர் அறை உருவாகியிருக்கும்.

1984ஆம் ஆண்டு சீரான கட்டடத் துணைவிதிகள் இதற்கு அளவு சொல்கின்றன. குடியிருக்கும் அறையின் தரைப்பரப்பில் 10 விழுக்காட்டுக்குக் குறையாமல் ஜன்னல் இருக்க வேண்டும். 5 விழுக்காடாவது காற்றுக்குத் திறக்க வேண்டும். 10க்கு 12 அடி அறை என்றால் 12 சதுர அடி ஜன்னல், அதில் 6 சதுர அடி திறப்பு. தள்ளித் திறக்கும் கண்ணாடி ஜன்னல் பாதிதான் திறக்கும் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். புதிய அறை, பழைய அறை இரண்டுக்கும் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.

அடுத்தது உயரம். படுக்கையறைக்கு 2.5 மீட்டர், அதாவது எட்டடிக்குச் சற்று மேல் வேண்டும். பக்கவாட்டுக் கூரையோ மதில் பக்கம் சரிந்து இறங்கும். தரையும் வீட்டுத் தரையைவிடத் தாழ்ந்திருக்கும். தரையை ஆறு அங்குலம் உயர்த்தினால் தலைக்கு மேல் ஆறு அங்குலம் குறையும். உயர்த்தாமல் விட்டால், இரவில் கழிவறைக்குப் போகும் பாட்டி அந்தப் படியில் இடறுவார். கூரையை மாற்றாமல் இந்தச் சிக்கல் தீராது. செலவு எகிறுவதும் இங்கேதான்.

தகரக் கூரை என்றால் மதிய வெப்பத்துக்கு உட்கூரையும் வெப்பத்தடுப்பும் தேவை. கூரை பழைய சுவரைத் தொடும் இடத்தில் மழைநீர் கசிகிறதா என்றும் பாருங்கள். தரையில் கழிவுநீர்த் தொட்டியின் மூடி இருந்தால் அதை டைல்ஸ் போட்டு மூடக்கூடாது. அடைப்பு வரும் நாளில் தரையை உடைக்க நேரிடும்.

அனுமதியைப் பற்றிக் கேட்டால், "எல்லாரும் இப்படித்தானே கட்டியிருக்கிறார்கள்" என்பது வழக்கமான பதில். 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 70ஆம் பிரிவின்படி ஊராட்சி மன்றத்தின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும். கூரைக்கு முன்பு அனுமதி வாங்கியிருந்தாலும், அது சுவர் வைத்த அறைக்கும் சேர்த்து என்று எண்ணிவிடக்கூடாது. மதிலிலிருந்து விட வேண்டிய இடைவெளி மன்றத்துக்கு மன்றம் மாறும். குத்தகையாளரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முன், பழைய வரைபடத்தோடு மன்றத்தின் கட்டடப் பிரிவுக்கு ஒருமுறை போய் வருவது நல்லது.

கணக்கு ஒத்துவராவிட்டால் வேறு வழி உண்டு. பல வீடுகளுக்கு அதுவே மேல். குளியலறைக்குப் பக்கத்தில் இருக்கும் அறையைப் பெற்றோருக்குக் கொடுத்துவிட்டு, பேரப்பிள்ளைகளை இன்னோர் அறையில் சேர்த்துவிடலாம். அவர்களின் படிப்பு மேசையும் வீட்டின் சாப்பாட்டு மேசையும் பக்கவாட்டுக்குப் போகட்டும். அங்கே முழுச்சுவர் வேண்டாம். இடுப்பளவுச் சுவரும் அதன்மேல் கிரிலும் போதும். சாரலுக்கு ஒரு திரை போட்டுக்கொள்ளலாம். உள்ளறை ஜன்னலுக்குக் காற்று வந்துகொண்டிருக்கும். இதற்கும் அனுமதி தேவையா என்பதை மன்றத்துக்குப் போகும் அதே நாளில் கேட்டுவிடலாம்.