பூனையைத் தேடினால் அர்ச்சுனன் வருவாரா?

ஞாயிற்றுக்கிழமை பொத்தேரியிலிருந்து மாமல்லபுரம் போய்வரும் கல்லூரி மாணவர்களின் போனில் ஆளுக்கு இருநூறு படமாவது ஏறியிருக்கும். பாதி செல்ஃபி, மீதி கல். அவற்றை இணையத்தில் ஏற்றும்போது அந்தப் பெரிய பாறைச் சிற்பத்துக்கு என்ன பெயர் போடுவார்கள்? ஊர் வழக்கில் அது அர்ச்சுனன் தபசு. ஒற்றைக் காலில் நிற்பவர் பகீரதன், இது கங்கை இறங்கிவரும் காட்சி என்பது இன்னொரு கட்சி. ஊருக்கே மாமல்லபுரம், மகாபலிபுரம், கடல்மல்லை என்று பல பெயர்கள். பெயரை மட்டும் பார்த்துத் தேடும் பொறி, ‘தபசு’ என்று கேட்டவருக்கு ‘கங்கை’ என்று எழுதிய படத்தைக் காட்டாது. சிற்பம் ஒன்றுதான் என்பது அதற்குத் தெரியாது.

இந்தச் சிக்கலைத் தாண்டத்தான் படத்தையே பார்த்துத் தேடும் முறைகள் வந்தன. பொறி ஒவ்வொரு படத்தையும் ஒரு நீண்ட எண் வரிசையாக மாற்றிக்கொள்கிறது. இரண்டு வரிசைகள் நெருங்கியிருந்தால் படங்களும் ஒத்தவை என்று கொள்கிறது. 2021-ல் வந்த ‘கிளிப்’ என்ற மாதிரி, 40 கோடிப் படங்களையும் அவற்றோடு இருந்த எழுத்தையும் சேர்த்துப் படித்தது. சொல்லும் படமும் அதில் ஒரே எண் வெளிக்குள் வந்துவிடுவதால், பெயரே இல்லாத படத்தையும் சொல்லால் தேடலாம்.

சரி, தேடல் நன்றாக இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்வது? புராஜெக்ட் வைவாவில் மாணவர்கள் திணறும் இடம் இது. பார்க்க இரண்டு கணக்கு உண்டு. ஒரு தொகுப்பில் தபசுச் சிற்பத்தின் படங்கள் 20 இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். தேடினால் 10 படம் வருகிறது, அதில் 8 சரி. வந்ததில் சரியானது 80 விழுக்காடு. வரவேண்டியதில் வந்தது 40 விழுக்காடுதான். முதல் எண்ணை மட்டும் காட்டிப் பெருமைப்படும் அறிக்கைகள் ஏராளம். வலைக் கண்ணைச் சிறிதாக்கினால் விட்டுப்போன 12-ம் கிடைக்கலாம், கூடவே குப்பையும் ஏறும். சுற்றுலாப் பயணிக்கு முதல் திரையில் நாலு நல்ல படம் வந்தால் போதும். ஆய்வாளருக்கு ஒன்றுகூட விடுபடக் கூடாது. எவருக்காக என்று கேட்காமல் போடும் மதிப்பெண்ணுக்கு அர்த்தம் குறைவு.

அதைவிடக் கடினமானது எது ‘சரி’ என்பது. அந்தப் பாறையின் கீழ்ப்பகுதியில் ஒரு பூனை கையைத் தூக்கித் தவம் செய்கிறது, சுற்றிலும் எலிகள். ‘பூனை’ என்று தேடினால் இந்தச் சிற்பம் வர வேண்டுமா? குழந்தைக்குக் கதை சொல்பவர் வர வேண்டும் என்பார்; செல்லப்பிராணிக் கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்வார்.

ஆகவே யாராவது உட்கார்ந்து விடைத்தாள் தயாரிக்க வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டு நகரத்துக் கட்டடங்களை வைத்து 2007-ல் ஒன்று உருவானது: 5,062 படங்கள், 11 கட்டடங்கள், 55 தேடல்கள். கட்டடம் கால் பங்குக்கும் குறைவாகத் தெரிந்த படங்களைச் சரியென்றும் தவறென்றும் எண்ணாமல் ஒதுக்கினார்கள். நேர்மையான முடிவு. உலகெங்கும் பத்தாண்டுக்கு மேல் அதை வைத்தே மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார்கள். 2018-ல் வேறு சிலர் மறுபடி சரிபார்த்தபோது விடைத்தாளிலேயே பிழைகள் இருந்தன. அவற்றைத் திருத்திக் கடினமான தேடல்களையும் சேர்த்ததும், முன்பு கொடிகட்டிய முறைகளின் மதிப்பெண் சரிந்தது.

மாமல்லபுரத்துக்கு இப்படி ஒரு விடைத்தாள் போட நினைப்பவர், தருமராஜ ரதத்தையும் அர்ச்சுன ரதத்தையும் முதலில் சேர்க்கட்டும். அண்ணன் தம்பி போலவே இருக்கும். தளங்களை எண்ணினால்தான் வித்தியாசம் பிடிபடும்: தருமராஜனுக்கு மூன்று, அர்ச்சுனனுக்கு இரண்டு.

‘ஒத்தது’ வேறு, ‘அதுவே’ வேறு. தமிழ்நாட்டில் இந்த வேறுபாட்டுக்கு விலை உண்டு. ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடம் 2008-ல் 50 லட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கிய நடராஜர், அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலிலிருந்து திருடப்பட்டவர். நடராஜர் படத்தைக் கொடுத்துத் தேடினால் எந்தப் பொறியும் நூறு நடராஜர்களைக் கொட்டும். தூக்கிய திருவடி, திருவாசி, முயலகன் எல்லாம் இலக்கணப்படி ஒன்றுபோல இருப்பவை. ஆனால் நம் ஸ்தபதிகள் மெழுகில் உரு செய்து, மண் பூசி, உலோகம் ஊற்றி, கடைசியில் அச்சை உடைத்துவிடுவார்கள். அதனால் இரண்டு செப்புத் திருமேனிகள் அச்சு அசலாக ஒன்றாக இருக்க முடியாது. தீக்கொழுந்தின் வளைவு, பீடத்தின் தேய்மானம், வார்ப்பில் விழுந்த சிறு குறை ஆகியவையே அடையாளம்.

பாண்டிச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் கோயில்களையும் சிலைகளையும் எடுத்த படங்கள் ஒரு லட்சத்துக்கும் மேல் இருக்கின்றன. அதிலிருந்த பழைய படத்தைக் கலைக்கூடத்துச் சிலையோடு வைத்துப் பார்த்தபோது குறைகள்கூடப் பொருந்தின. அப்போது வேலை செய்தது மனிதக் கண்தான். 2014 செப்டம்பரில் ஆஸ்திரேலியப் பிரதமர் டோனி அபாட் டெல்லிக்கு வந்து சிலையை ஒப்படைத்தார்.

இன்றைய பொறி அந்த லட்சத்தைச் சில நொடியில் நூறாகச் சுருக்கித் தரும். நூற்றில் ஒன்றை ‘இதுவேதான்’ என்று சொல்ல இன்னும் ஆள் வேண்டும். இது எந்த ஊர் நடராஜர் என்பதோ படத்துக்குள் எங்கும் இல்லை. பட்டியலில் ஸ்ரீபுரந்தான் என்று ஒருவர் எழுதிவைத்திருந்தார்.