பறிமுதலும் அபராதமும்

பாலவாக்கத்தில் மனை வாங்க முற்பட்ட நேயர் ஒருவர் நமக்கு எழுதியிருக்கிறார். அச்சாரம் கொடுத்தார், பின்னர் விலையில் ஒரு பகுதியும் கொடுத்தார், குறித்த கெடுவுக்குள் மீதிப் பணத்தைத் திரட்ட இயலவில்லை. கொடுத்ததெல்லாம் பறிமுதல் என்று விற்பவர் சொல்லிவிட்டாராம். “இத்தனையும் இழக்க நான் செய்த குற்றம் என்ன?” என்று கேட்கிறார். இக்கேள்விக்குச் சட்டப் புஸ்தகத்தைப் புரட்டுமுன், சொற்களைச் சற்று ஆராய்வது நலம்.

பறிமுதல் என்பது பறிக்கப்பட்ட முதல். வழிப்பறியில் உள்ள பறியே இதிலும் உள்ளது. எடுப்பவனுடைய கையை இச்சொல் காட்டுகிறதே அன்றி, இழப்பவனுடைய பிழையைக் காட்டவில்லை. ஜப்தி என்பதும் அத்தகையதே. பிடித்து வைத்தல், அடக்குதல் என்று பொருள்படும் அரபுச் சொல், பாரசீகத்தின் வழியாக நம் கச்சேரிகளில் வந்து அமர்ந்தது. தண்டம் என்பதோ கோல். அரசன் கோல்கொண்டு விதித்த தண்டனைக்கு அது பெயராயிற்று. இன்று “தண்டம் அழுதேன்” என்றால் காசு வீணாயிற்று என்றே பொருள். தண்டனைப் பணத்தைப் பற்றி ஜனங்கள் கொண்ட அபிப்பிராயம் இதனால் விளங்கும்.

அபராதம் என்ற சொல்லின் சரித்திரம் வேறு. வடமொழியில் அதற்குக் குற்றம் என்பதே பொருள். பூஜை முடிவில் அபராதத்தைப் பொறுத்தருள வேண்டுமென்று பிரார்த்திப்பவன், தன் பிழையைச் சொல்லுகிறானே ஒழிய, கட்டவேண்டிய தொகையைச் சொல்லவில்லை. தமிழ் வழக்கில் குற்றத்தின் பெயர் அதற்குரிய தண்டனைக்கு ஆகிவந்தது. ஆங்கிலேயர் வழங்கும் ‘பார்பீட்’ என்ற சொல்லும் இதே வழியில் நடந்தது. லத்தீனில் அதன் மூலத்துக்கு ‘புறம்பே செய்தல்’, அதாவது சட்ட வரம்பை மீறுதல் என்று பொருள். பிரெஞ்சு மொழியில் அது குற்றமாக நின்றது. ஆங்கிலத்தில் குற்றத்தால் இழக்கும் பொருளாயிற்று. ஒன்றையொன்று அறியாத இரு ஜன சமூகங்களின் பேச்சிலும் ஒரே நியாயம் பதிந்திருக்கிறது: குற்றம் முன்னே, இழப்பு பின்னே.

இந்த வரிசையைத் தலைகீழாக்கியது 1910-ஆம் வருஷத்துப் பத்திரிகைச் சட்டம். புதிதாக அச்சுக்கூடம் வைப்பவன் ஒரு வரியும் அச்சிடுமுன்பே ரூ. 500 முதல் ரூ. 2,000 வரை ஜாமீன் கட்ட வேண்டும். எழுத்தில் துவேஷத்தைத் தூண்டும் போக்கு இருப்பதாகத் தோன்றினால், சர்க்கார் உத்தரவு ஒன்றினாலேயே அப்பணம் பறிமுதலாகும். பாலவாக்கத்துக்குச் சில மைல் வடக்கே அடையாற்றில் வாழ்ந்த அன்னி பெஸண்ட் அம்மையார் இதற்கு இலக்கானார். அவருடைய ‘நியூ இந்தியா’ பத்திரிகையின் பொருட்டு 1916 மே மாதம் கேட்டு வாங்கிய ரூ. 2,000 ஜாமீன், அதே வருஷம் ஆகஸ்டில் பறிமுதலாயிற்று. அம்மையார் மேலும் ரூ. 10,000 கட்டிப் பத்திரிகையை நடத்தினார். சென்னை ஹைகோர்ட்டின் விசேஷ பெஞ்சு அவருக்குப் பரிகாரம் தரவில்லை. 1919-இல் பிரிவி கௌன்ஸிலும் தரவில்லை. சட்டத்தின் வலை அவ்வளவு அகலம். 1922-இல் அச்சட்டம் ரத்தாயிற்று. 1931-இல் அதே ஜாமீன் முறை வேறொரு சட்டமாகத் திரும்பி வந்தது. குற்றத்தை நிரூபிக்காமல் பொருளை எடுக்கும் வசதி, ஒருமுறை ருசி கண்டவர்களை எளிதில் விடுவதில்லை.

இனி நம் நேயரின் விஷயம். கெடு தவறியது பிழையே; அதை அவர் மறுப்பதற்கில்லை. வாங்குபவன் பிழையால் பேரம் முறிந்தால், ஒப்பந்தப்படி அச்சாரம் விற்பவரிடம் நிற்கலாம். ஆனால் விலையின் பகுதியாகக் கொடுத்த பணம் வெறும் வாய்ச்சொல்லால் பறிமுதலாகிவிடாது. 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு, ஒப்பந்தத்தில் குறித்த தொகைக்கு மேற்படாத நியாயமான நஷ்டஈட்டையே அனுமதிக்கிறது. டில்லியில் ஏலத்தில் மனை எடுத்தவர் கட்டிய ரூ. 78 லட்சம் முன்பணத்தை அபிவிருத்தி ஆணையம் பறிமுதல் செய்தபோது, எடுத்தவர்மீது பிழையும் இல்லை, ஆணையத்துக்கு நஷ்டமும் இல்லை என்று கண்ட சுப்ரீம் கோர்ட், 2015-இல் அதை வட்டியுடன் திருப்பித் தரச் செய்தது.

ஆகவே, எவரேனும் பறிமுதல் என்றால், அபராதம் எது என்று கேட்பது நம் உரிமை. அதை விற்பவரிடமும் கேட்கலாம், சர்க்காரிடமும் கேட்கலாம். விடை கிடைத்தால் இழப்பு அந்த அளவோடு நிற்கட்டும். விடை இல்லையேல், அது வெறும் பறியே.