கல்லூரி ஆசிரியருக்கான பயிற்சிகள்: எது பதவி உயர்வுக்கு, எது வகுப்பறைக்கு?

பத்தாம் வகுப்புக்குக் கணக்குப் பாடம் நடத்த வேண்டுமானால் பி.எட். முடித்திருக்க வேண்டும். பாடக் குறிப்பு எழுதி, பயிற்சிக்கென்று ஒரு பள்ளிக்குப் போய், மூத்த ஆசிரியர் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்க்கப் பார்க்க வகுப்பெடுத்துப் பழகியிருக்க வேண்டும். அதே மாணவர் பிளஸ் டூ முடித்துக் கல்லூரிக்கு வரும்போது, அங்கே அவருக்குப் பாடம் நடத்துபவரிடம் இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை. முதுகலைப் பட்டமும், நெட் அல்லது செட் தேர்ச்சியும், இல்லையென்றால் முனைவர் பட்டமும் இருந்தால் போதும். நெட் தேர்வின் முதல் தாளில் கற்பித்தல் திறன் பற்றிக் கேள்விகள் உண்டு; எல்லாம் சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. தமிழ்வழியில் படித்து வந்த முதலாண்டு மாணவருக்கு ஆங்கிலப் பாடநூலில் இருக்கும் வெப்ப இயக்கவியலை எப்படிப் புரியவைப்பது என்பதை அந்தத் தாள் சோதிக்க முடியாது.

ஆகவே கல்லூரி ஆசிரியருக்குக் கற்பிக்கும் தொழில், வேலையில் சேர்ந்த பிறகுதான் கற்றுத் தரப்படுகிறது. அதற்கான பயிற்சிகள் நம் நாட்டில் நிறையவே இருக்கின்றன. ஓரியன்டேஷன், ரெஃப்ரெஷர், எஃப்.டி.பி. (ஆசிரியர் மேம்பாட்டுப் பயிற்சி), நிப்டெல், ஸ்வயம், அடல் அகாடமி என்று ஆசிரியர் ஓய்வறையில் நாள்தோறும் அடிபடும் பெயர்களே பத்துக்கு மேல் தேறும். இவற்றில் எது கட்டாயம், எது பயனுள்ளது என்று புதிதாக வேலைக்கு வந்தவருக்குப் பிரித்துச் சொல்லத்தான் ஆள் குறைவு.

பயிற்சி மையங்கள் எங்கிருந்து வந்தன?

கல்லூரி ஆசிரியர்களுக்கென்று தனிப் பயிற்சி வேண்டும் என்பது பழைய கோரிக்கை. 1980களில் ரயீஸ் அகமது தலைமையில் அமைந்த இரண்டாவது தேசிய ஆசிரியர் ஆணையம் உயர்கல்வி ஆசிரியர்களின் நிலையை ஆராய்ந்தது. அடுத்து 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை வந்தது. அதையொட்டிப் பல்கலைக்கழகங்களில் ‘அகாடமிக் ஸ்டாஃப் காலேஜ்’ என்ற மையங்களைப் பல்கலைக்கழக மானியக் குழு தொடங்கியது. நாடு முழுவதும் இவை 66 ஆக வளர்ந்தன. தமிழ்நாட்டில் சென்னைப் பல்கலைக்கழகம், கோவை பாரதியார், திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகங்களின் மையங்களுக்குப் போய்வராத மூத்த பேராசிரியரைப் பார்ப்பது அரிது.

பெயர்ப்பலகைதான் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 2015இல் இவை மனிதவள மேம்பாட்டு மையங்கள் ஆயின. 2023 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று தொடங்கப்பட்ட மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சித் திட்டத்தின் கீழ் மாளவியா மிஷன் மையங்கள் ஆயின. புதியவற்றையும் சேர்த்து 111 மையங்கள் வழியாக உயர்கல்வி நிறுவனங்களின் 15 லட்சம் ஆசிரியர்களையும் சென்றடைவது திட்டத்தின் இலக்கு. பன்முகக் கல்வி, இந்திய அறிவு மரபு, கல்வி நிர்வாகம், ஆராய்ச்சி, திறன் வளர்ப்பு, மாணவர் பன்மைத்தன்மை, தகவல் தொழில்நுட்பம் உள்ளிட்ட எட்டுத் தலைப்புகளில் இணையவழியில் வகுப்புகள் நடக்கின்றன. இவை பெரும்பாலும் புதிய கல்விக் கொள்கையை அறிமுகம் செய்யும் வகுப்புகள். கொள்கை தெரிந்துகொள்ள வேண்டியதுதான். ஆனால் வேதியியல் ஆசிரியர் தன் பாடத்தில் புதிதாக ஒன்றைக் கற்க இங்கே வந்தால் ஏமாந்துபோவார். அதற்கு அவர் துறைசார்ந்த ரெஃப்ரெஷர் பயிற்சியைத்தான் தேட வேண்டும்.

பதவி உயர்வுக் கணக்கு

பெரும்பாலோர் பயிற்சிக்கு விண்ணப்பிப்பதற்கு முதல் காரணம், சி.ஏ.எஸ். எனப்படும் பணி மேம்பாட்டுத் திட்டம். தற்போது நடைமுறையில் உள்ள மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைப்படி, ஊதிய நிலை 10இல் பணியில் சேரும் உதவிப் பேராசிரியர் நிலை 11க்குப் போக, முனைவர் பட்டம் இருந்தால் 4 ஆண்டும், எம்.ஃபில். இருந்தால் 5 ஆண்டும், இரண்டும் இல்லாவிட்டால் 6 ஆண்டும் பணி முடித்திருக்க வேண்டும்.

இதற்கு 21 நாள் ஓரியன்டேஷன் கட்டாயம். அதோடு ஒரு ரெஃப்ரெஷர் அல்லது ஆராய்ச்சி நெறிமுறைப் பயிற்சி வேண்டும். அது இல்லையென்றால், குறைந்தது ஐந்து நாள் நடக்கும் பயிலரங்கு, எஃப்.டி.பி. போன்றவை, சான்றிதழுடன் முடித்த இணையவழிப் படிப்பு ஆகியவற்றைக் கொண்டு ஈடுசெய்ய வேண்டும். அடுத்தடுத்த நிலைகளுக்கும் இதேபோல் நிபந்தனைகள் உண்டு. கல்லூரியில் இணைப் பேராசிரியர் ஆக முனைவர் பட்டமும் தேவை. 2025 ஜனவரியில் மானியக் குழு புதிய விதிகளுக்கான வரைவை வெளியிட்டது. தமிழ்நாடு சட்டமன்றம் அதை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. எனவே விண்ணப்பிக்கும் முன் நடப்பு விதி எது என்று கல்லூரியின் ஐ.க்யூ.ஏ.சி. (உள்தர உறுதிப் பிரிவு) ஒருங்கிணைப்பாளரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

21 நாள் பயிற்சியை வெறும் சடங்கு என்று ஒதுக்கிவிட முடியாது. நேரடியாக நடக்கும் நல்ல மையத்தில் நுண்பயிற்சி என்று ஒரு பகுதி உண்டு. தமிழாசிரியர், விலங்கியல் ஆசிரியர், வணிகவியல் ஆசிரியர் எல்லாரும் மாணவர்களாக உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் எழுந்து பத்து நிமிடம் தன் பாடத்தை நடத்த வேண்டும். விலங்கியலே தெரியாதவருக்கு மரபணு பற்றிச் சொல்லும்போது, தான் எந்த இடத்தில் விளக்காமல் தாவுகிறோம் என்பது நடத்துபவருக்கே தெரிந்துவிடும். கரும்பலகையைப் பார்த்தே பேசுகிறீர்கள், கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்காமல் நீங்களே சொல்லிவிடுகிறீர்கள் என்று சக ஆசிரியர் முகத்துக்கு நேரே சொல்வார். பத்தாண்டு அனுபவமுள்ளவருக்குக்கூட அதுவரை ஒருவரும் சொல்லாத செய்தியாக அது இருக்கும்.

இணையவழி ஐந்து நாள் பயிற்சிகளில் இந்தப் பகுதிதான் விடுபடுகிறது. கொரோனா ஊரடங்கில் எஃப்.டி.பி.க்கள் வெள்ளமாக வந்தன. யூடியூப் நேரலை, நாள் முடிவில் ஒரு கூகுள் படிவம், ஐந்தாம் நாள் மாலை மின்னஞ்சலில் சான்றிதழ். ஊர் முடங்கிக் கிடந்தபோது அது தேவையாக இருந்தது. ஊரடங்கு முடிந்த பிறகும் அந்தப் பழக்கம் தங்கிவிட்டது. இதற்கு ஆசிரியரை மட்டும் குறை சொல்ல முடியாது. நாக் (தேசிய மதிப்பீட்டு, தரச்சான்றுக் குழு) தர மதிப்பீட்டின் ஆறாவது அளவுகோலில், எத்தனை விழுக்காடு ஆசிரியர்கள் பயிற்சி முடித்தார்கள் என்று ஒரு கணக்கு வருகிறது. ஆசிரியருக்குப் பதவி உயர்வுக் கோப்பில் சான்றிதழ் வேண்டும், கல்லூரிக்கு நாக் கோப்பில் எண்ணிக்கை வேண்டும். பயிற்சிக்குப் பிறகு வகுப்பு மாறியதா என்று கேட்கும் கட்டம் எந்தப் படிவத்திலும் இல்லை. குறையின் வேர் அங்கேதான் இருக்கிறது.

பாடம் தெரிந்தவர்கள் நடத்தும் பயிற்சி

பதவி உயர்வுக் கணக்குக்கு வெளியே தேடுபவர்களுக்கு நல்ல வாய்ப்புகள் இருக்கின்றன. அவற்றைப் பற்றிய செய்தி மாவட்டக் கல்லூரிகளுக்குச் சரியாகப் போய்ச் சேருவதில்லை என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

முதலில் இந்தியாவின் மூன்று அறிவியல் கழகங்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகம், புதுதில்லி இந்தியத் தேசிய அறிவியல் கழகம், அலகாபாத் தேசிய அறிவியல் கழகம் ஆகிய மூன்றும் சேர்ந்து கல்லூரி ஆசிரியர்களுக்கு இரு வார ரெஃப்ரெஷர் பயிற்சிகளுக்கு நிதியளித்து வந்திருக்கின்றன. இவற்றில் பெரும்பேர் பெற்றது இயற்பியல் பேராசிரியர் ஆர். சீனிவாசன் வடிவமைத்த சோதனை இயற்பியல் பயிற்சி. கல்லூரி ஆய்வகங்களில் சோதனைகள் பல ஆண்டுகளாக மாறாமலே கிடக்கின்றன, புதிய கருவி வாங்கக் கல்லூரியிடம் பணமில்லை என்ற இரண்டு குறைகளுக்கும் ஒரே விடையாக அவர் குறைந்த செலவில் ஒரு கருவித் தொகுப்பை உருவாக்கினார். பயிற்சிக்கு வந்த ஆசிரியர்கள் சொற்பொழிவு கேட்டுவிட்டுக் கலைந்துவிட முடியாது. மேசையில் உட்கார்ந்து மின்சுற்றை இணைக்க வேண்டும். பித்தளைத் தண்டின் வழியே வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று அளக்க வேண்டும். இரைச்சலில் புதைந்திருக்கும் சிறு மின்குறிகையை லாக்-இன் பெருக்கி கொண்டு பிரித்தெடுக்க வேண்டும். அளவீடு தவறினால் திரும்பச் செய்ய வேண்டும். மாணவர்கள் ஆய்வகத்தில் படும் பாடு என்னவென்று ஆசிரியருக்கு மறுபடி நினைவுக்கு வருவது அப்போதுதான். ஆசிரியர் பயிற்சி எப்படி இருக்க வேண்டும் என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

இதே மூன்று கழகங்கள் கோடைக்கால ஆராய்ச்சி உதவித்தொகையும் தருகின்றன. மாணவர்களுக்கு மட்டுமல்ல, ஆசிரியர்களுக்கும் அது உண்டு. தேர்வானவர்கள் சுமார் இரண்டு மாதம் ஒரு தேசிய ஆய்வகத்திலோ பல்கலைக்கழகத்திலோ தங்கி, ஒரு விஞ்ஞானியுடன் வேலை செய்யலாம். பழைய கருவிகளை வைத்துக்கொண்டு காலம் தள்ளும் உயிரியல், வேதியியல் ஆசிரியர்களுக்கு இது அரிய வாய்ப்பு.

கணித ஆசிரியர்களுக்குத் தேசியக் கணித மையம் பயிலரங்குகள் நடத்துகிறது. காலையில் விரிவுரை, பிறகு பங்கேற்பவர்களே கணக்குப் போட்டுக் காட்ட வேண்டிய பயிற்சி நேரம் என்பது அவற்றின் முறை. இயற்பியல், வானியல் ஆசிரியர்கள் புனேயில் உள்ள ஐயுகா மையத்தின் வருகைதரு இணையர் திட்டத்தைப் பார்க்கலாம். தேர்வானவர்கள் மூன்றாண்டுக் காலத்தில் அவ்வப்போது போய்த் தங்கி, அங்குள்ள நூலகத்தையும் கணினி வசதியையும் பயன்படுத்தி ஆய்வு செய்யலாம். சிறிய ஊர்க் கல்லூரியில் தனியாக நின்று ஆராய்ச்சி செய்பவருக்குப் பேச்சுத் துணை கிடைக்கிறது என்பதே இதன் பெரும்பயன். தமிழ்த் துறையினர் சென்னையில் உள்ள செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனத்தின் பயிலரங்கு, கருத்தரங்கு அறிவிப்புகளைக் கவனித்துவர வேண்டும்.

பொறியியல் ஆசிரியர்களுக்குப் பாதை ஓரளவு தெளிவாகவே இருக்கிறது. தரமணியில் உள்ள தேசியத் தொழில்நுட்ப ஆசிரியர் பயிற்சி நிறுவனம் 1964 முதல் இயங்கிவருகிறது. புதிதாகச் சேர்பவர்களுக்கு ஏ.ஐ.சி.டி.இ. (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) வகுத்த எட்டுப் பாடத் தொகுதிகள் ஸ்வயம் தளத்தில் உள்ளன. ஏ.ஐ.சி.டி.இ.யின் அடல் அகாடமி எஃப்.டி.பி.க்களும் உண்டு.

எங்கும் போகவே முடியாதவர்களுக்கு நிப்டெல் இருக்கிறது. ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனமும் (ஐ.ஐ.எஸ்சி.) சேர்ந்து 2003இல் தொடங்கிய திட்டம் இது. பாடங்களைப் பார்க்கக் கட்டணம் இல்லை. சான்றிதழ்த் தேர்வுக்கு மட்டும் கட்ட வேண்டும். வாராந்தர ஒப்படைப்புகளுக்கு 25, தேர்வு மையத்தில் நேரில் எழுதும் தேர்வுக்கு 75 என்று மதிப்பெண். தேர்வு எழுதாமல் சான்றிதழ் கிடைக்காது என்பதால், ஐந்து நாள் யூடியூப் சான்றிதழைவிட இதற்கு மதிப்பு அதிகம் என்பது என் கருத்து. எட்டு வாரப் பாடத்தை ஏ.ஐ.சி.டி.இ. ஒரு எஃப்.டி.பி.யாகவே ஏற்கிறது.

வெளியே நிற்பவர்கள்

இதுவரை சொன்னது பெரும்பாலும் நிரந்தரப் பணியில் உள்ளவர்களுக்கான கதை. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் பெரும்பாலானவை சுயநிதிக் கல்லூரிகள். அங்கே பல இடங்களில் பணி மேம்பாட்டுத் திட்டம் ஏட்டில்கூட இல்லை. அரசுக் கல்லூரிகளிலோ ஆயிரக்கணக்கான கௌரவ விரிவுரையாளர்கள் தொகுப்பூதியத்தில் பாடம் நடத்துகிறார்கள். பல துறைகளில் வகுப்புகளின் பெரும்பகுதி இவர்கள் தோளில்தான் நிற்கிறது. மூன்று கல்வியாண்டுகள் தொடர்ந்து கற்பித்த தற்காலிக, ஒப்பந்த ஆசிரியர்களும் ஓரியன்டேஷன், ரெஃப்ரெஷர் பயிற்சிகளில் சேரலாம் என்று மானியக் குழுவின் வழிகாட்டு நெறிகள் இடமளித்திருக்கின்றன. இது தெரியாமலே பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். தெரிந்தவர்களுக்கும் விடுப்பு கிடைப்பதில்லை. இரண்டு வாரம் போனால் சம்பளம் போகும், அடுத்த பருவத்தில் வேலை இருக்குமோ என்ற பயம் வேறு.

முதலாண்டு மாணவர்கள் அதிகம் சந்திப்பது இந்த ஆசிரியர்களைத்தான். கிராமத்திலிருந்து வந்து, வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகும் பிள்ளைக்குக் கல்லூரி பிடிப்பதும் பிடிக்காமல் போவதும் அந்த முதலாண்டு வகுப்பில் முடிவாகிறது. அங்கே நிற்பவருக்குப் பயிற்சியை மறுத்துவிட்டு, ஓய்வுபெறச் சில ஆண்டுகளே உள்ளவருக்கு நான்காவது சான்றிதழைத் தருவதில் என்ன நியாயம் இருக்கிறது?

கல்லூரி முதல்வர்கள் தங்கள் அளவில் செய்யக்கூடியவை உண்டு. பயிற்சிக்கு அனுப்பும் முன், எந்தப் பாடத்தில் என்ன மாற்றப் போகிறீர்கள் என்று ஆசிரியரிடம் கேட்கலாம். திரும்பி வந்ததும் துறையில் ஒரு மணி நேரம் பேசச் சொல்லலாம். கற்றுவந்த ஒரு சோதனையை அடுத்த பருவத்து ஆய்வகப் பட்டியலில் சேர்க்கலாம். மாதம் ஒருமுறை ஒருவர் வகுப்பில் இன்னொருவர் உட்கார்ந்து பார்ப்பதற்கு நிதியும் வேண்டாம், அனுமதியும் வேண்டாம்.

மற்றது அரசின் கையில் இருக்கிறது. கௌரவ விரிவுரையாளர்களும் சுயநிதிக் கல்லூரி ஆசிரியர்களும் மாளவியா மையங்களிலோ தேசிய நிறுவனங்களிலோ பயிற்சி பெறும் நாட்களை ஊதியத்துடன் கூடிய பணி நாட்களாகக் கொள்ள வேண்டும் என்று உயர்கல்வித் துறை ஆணை பிறப்பிக்க வேண்டும். வரும் கல்வியாண்டு தொடங்கும் முன்பே அது வர வேண்டும்.