பேணல் உழைப்பின் விலை: புளொக்செயின் கருவிகளுக்கான நிதி பற்றி ஒரு குறிப்பு

மூலதனத்தின் இரண்டாம் பாகத்தில் (எங்கெல்ஸ் அதனை 1885இல் பதிப்பித்தார்) இயந்திரங்களின் தேய்மானத்தை ஆராயுமிடத்து மார்க்ஸ் ஓர் உண்மையைச் சுட்டுகின்றார். இயந்திரத்தைத் துப்புரவு செய்யும் வேலையைத் தொழிலாளர் தம் ஓய்வு வேளையிற் கூலியின்றிச் செய்கின்றனர். அவ்வுழைப்பு பொருளின் விலையில் இடம்பெறுவதில்லை. இயந்திரம் ஓடும்போதே அதனைச் செய்ய நேர்வதால் விபத்துகள் விளைகின்றன. வாசிப்போர் பெரும்பாலும் விரைந்து கடந்துவிடும் பகுதி இது. ஆயினும் இன்றைய கணினித்துறையின் ஒரு பிரச்சினையை விளங்கிக்கொள்ள இது பெரிதும் உதவும்.

புளொக்செயின் என்பது பல கணினிகள் ஒருங்கே பேணும் பொதுக் கணக்கேடாகும். 2015இல் இயங்கத் தொடங்கிய எதேரியம் என்னும் வலையமைப்பில், பணத்தைக் கையாளும் ஒப்பந்தங்களே நிரல்களாக எழுதப்பட்டு ஏட்டிற் பதியப்படுகின்றன. அந்நிரல்களை எழுதவும் சோதிக்கவும் உதவும் கருவிகளுட் பெரும்பாலானவை திறந்த மூல மென்பொருள்கள். எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம், திருத்தலாம். பயன்மதிப்பு மிகுந்தும் பரிவர்த்தனை மதிப்பு அற்றும் இருப்பது இவற்றின் இயல்பு. கருவியை ஆக்கும் வேலைக்கு ஒரு முடிவுண்டு. பேணும் வேலைக்கு இல்லை.

விபத்தும் நிகழ்ந்தது. வைப்பர் என்னும் நிரல்மொழியின் தொகுப்பியில், 2021இல் வெளியான சில பதிப்புகளில் ஒரு வழு இருந்தது. ஒரு கொடுக்கல்வாங்கல் முடியுமுன் மற்றொன்று உட்புகாது தடுக்க வேண்டிய பூட்டு செவ்வனே இயங்கவில்லை. பின்வந்த பதிப்பில் வழு நீங்கிற்று. ஆனால் முன்னரே பதியப்பட்ட ஒப்பந்தங்களுக்கு அதனால் நேரக்கூடிய ஆபத்தை எவரும் உணரவில்லை. 2023 யூலை இறுதியில், கேர்வ் என்னும் பரிமாற்றத் தளத்தின் நிதித்தொகுதிகளிலிருந்து பல கோடி டொலர் சூறையாடப்பட்டது. அத்துணை செல்வத்தைக் காத்த தொகுப்பியைப் பேணியவர்கள் ஒரு சிறு குழுவினர்.

கம்பனிகள் பேணட்டும் என்போருக்கு அதே ஆண்டு மற்றொரு விடையைத் தந்தது. பரவலாகப் பயன்பட்ட ட்ரஃபிள், கனாஷ் ஆகிய கருவிகளை நிறுத்துவதாக அவற்றுக்கு உடைமையான கொன்சென்சிஸ் செப்டெம்பரில் அறிவித்தது.

மாற்றுவழிகள் இல்லாமலில்லை. 2018இல் பியூட்டரின், ஹிற்சிக், வைல் ஆகிய மூவர் முன்வைத்த இருபடி நிதியீட்டு முறையைக் கிற்கொயின் அமைப்பு 2019 முதல் நடைமுறைப்படுத்தியது. நூறு பேர் தலைக்கு ஒரு டொலர் கொடுப்பின், கொடைகளின் வர்க்கமூலங்களைக் கூட்டி வர்க்கித்து 10,000 என்ற அளவு பெறப்படும். ஒருவரே நூறு டொலர் கொடுப்பின் 100 மட்டுமே. பொதுநிதி இவ்விகிதத்திற்கேற்பப் பகிரப்படும். பணத்தொகையிலும் ஆட்தொகைக்கு முதன்மை தரும் இம்முறையை எள்ளி ஒதுக்குதல் தகாது. எனினும் பொய்யான பெயர்களிற் கொடை வழங்கி ஏமாற்றவும் இதில் இடமுண்டு. அதனினும் முக்கியமாக, இது பேர்பெற்றதையே போற்றுகின்றது. வழு நேராமற் காத்தவனது உழைப்புக்கு வாக்குத் திரட்டுவது எங்ஙனம்? ஒப்ரிமிசம் வலையமைப்பு 2021 முதல், விளைந்த பயனைப் பின்னர் மதிப்பிட்டுப் பணம் வழங்குகின்றது. பின்னைய சுற்றுகளில் அதன் சொந்த நாணயமே வழங்கப்பட்டது. சந்தையோடு ஏறியிறங்கும் நாணயத்தைக் கொண்டு எவரும் வீட்டு வாடகையைத் திட்டமிட முடியாது.

எதேரியத்திற் பணமில்லை என்பதற்கில்லை. ஒவ்வொரு கொடுக்கல்வாங்கலுக்கும் கட்டணம் உண்டு. 2021 ஓகஸ்ட் முதல் அதன் அடிப்படைப் பகுதி எவருக்கும் செல்லாது அழிக்கப்படுகின்றது. நாணயத்தின் தொகை இதனாற் கட்டுப்படுமாகையால், நன்மையடைவோர் அதனை உடைமையாகக் கொண்டோரே. அதிலொரு பங்கைக் கருவிகளுக்கு ஒதுக்கினால், யாருக்கென்று தீர்மானிப்பவர் யார் என வினவுவர். வினா நியாயமானதே, ஆயின் அழித்தலும் ஒரு சாராருக்கு ஆதாயமான தீர்மானம் என்பதை வினவுவோர் மறந்துவிடுகின்றனர். 2022இல் செயற்படத் தொடங்கிய புரொட்டகோல் கில்ட், தன் உறுப்பினர்க்கு அவர்கள் பணியாற்றிய காலத்தைக் கருத்திற்கொண்டு நன்கொடைகளைப் பகிர்கின்றது. கூலிக்கு மிக அண்மித்த ஏற்பாடு இது. ஆனால் அது வலையமைப்பின் அடித்தளத்தைப் பேணுவோர்க்கே உரியது. கருவிகளைப் பேணுவோர் பெரும்பாலும் அதற்குப் புறத்தேயே நிற்கின்றனர்.