கட்டுநாயக்கவில் ஃபோனைக் கேட்டால்

மடுல்கெல்லயிலிருந்து விமான நிலையத்துக்குப் போகும் வேன் பெரும்பாலும் நடுச்சாமத்தில்தான் கிளம்பும். அதற்கு முன் பெட்டியை மூன்று தடவையாவது அவிழ்த்துக் கட்டுவார்கள். கருவாட்டுப் பொட்டலம் வேண்டாம் என்பார் ஒருவர், மிளகாய்த்தூளைக் குறை என்பார் இன்னொருவர். கையிலிருக்கும் ஃபோனை மட்டும் யாரும் திறந்து பார்ப்பதில்லை. வங்கிக் கணக்கு, ஏஜென்சிக்காரரின் குரல் பதிவு, பிள்ளையின் மருத்துவச் சீட்டு, லயத்து வாட்ஸ்அப் குழுவில் வந்து குவிந்த படங்கள் எல்லாமே அதற்குள்தான் கிடக்கின்றன.

இலங்கையின் சுங்கக் கட்டளைச் சட்டம் 1869ஆம் ஆண்டுக்குரியது. மலையகம் இன்னும் கோப்பிக் காடாக இருந்த காலம் அது. பெட்டியையும் சிப்பத்தையும் மனதில் வைத்து எழுதிய சட்டம், ஒருவரின் பத்து வருட வாழ்க்கை சட்டைப்பைக்குள் அடங்கும் என்று எப்படி நினைத்திருக்கும்?

பெரிய நாடுகளிலும் இதே குழப்பம்தான். கைதானவரின் ஃபோனைப் பார்க்கவே நீதிமன்ற ஆணை வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2014இல் சொன்னது. ஆனால் எல்லை என்று வந்துவிட்டால், ஆணையில்லாமலே பார்க்கலாம் என்பது அந்நாட்டு அதிகாரிகளின் நிலைப்பாடு. 2024 நிதியாண்டில் மட்டும் 47,047 பயணிகளின் சாதனங்களை அவர்கள் சோதித்தார்கள். 42 கோடிப் பயணிகளில் இது சிறு துளிதான். அந்தத் துளிக்குள் அகப்பட்டவருக்கோ அன்றைக்குப் பயணம் முழுதும் அதுதான். பிரிட்டன் இன்னும் கடுமை. அங்கே 2000ஆம் ஆண்டுப் பயங்கரவாதச் சட்டத்தின் 7ஆம் அட்டவணைப்படி, குறிப்பிட்ட சந்தேகம் எதுவும் இல்லாமலே ஒருவரை ஆறு மணி நேரம் வரை நிறுத்தி விசாரிக்கலாம். கடவுச்சொல்லைத் தர மறுத்தாலே குற்றம். முகம்மது ரப்பானி என்ற மனித உரிமைச் செயற்பாட்டாளர் 2017இல் அப்படித்தான் குற்றவாளியாக்கப்பட்டார். லண்டனில் உறவுகளைப் பார்க்கப் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டு போவது நல்லது.

இலங்கை அரசியலமைப்பின் அடிப்படை உரிமைப் பட்டியலில் அந்தரங்க உரிமை தனியாக இல்லை. 2022இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. தேசியப் பாதுகாப்பு என்ற விதிவிலக்கு அதிலும் இருக்கிறது. பயங்கரவாதத் தடைச் சட்டமோ 1979இலிருந்து நீடிக்கிறது. மாவீரர் நாளை ஒட்டி முகநூலில் படம் பகிர்ந்ததற்காக 2024 நவம்பரிலும் ஆட்கள் கைதானார்கள். இதில் தோட்டத்துப் பிள்ளைகள் கவனிக்க வேண்டிய சங்கதி ஒன்று உண்டு. யாரோ குழுவில் போடும் படம், தொடாமலே ஃபோனின் கேலரியில் இறங்கிவிடும். தானாக இறங்கும் வசதியை வாட்ஸ்அப் அமைப்புகளுக்குள் போய் நிறுத்திவிடலாம். ஒரு நிமிட வேலை.

அழித்துவிட்டால் போதும் என்று நினைப்பதும் தப்பு. 2025 மார்ச்சில் பொஸ்டன் விமான நிலையத்திலிருந்து ஒரு லெபனான் மருத்துவர் திருப்பி அனுப்பப்பட்டார். அவருடைய ஃபோனில் அழித்த படங்கள் கிடக்கும் கோப்புறையிலிருந்து எடுத்தவற்றைத்தான் அதிகாரிகள் காரணமாகக் காட்டினார்கள். கேட்டுக்கொண்டிருக்கும்போதே அவசரமாக அழிப்பது அதைவிட ஆபத்து. தேவையில்லாததைக் கொண்டுபோகாமல் இருப்பதே சுலபம். படங்களை வீட்டில் வேறொரு ஃபோனில் ஏற்றிவைக்கலாம். வேலை ஒப்பந்தம், பாஸ்போட் நகல் இரண்டையும் குடும்பத்தில் ஒருவருக்கு அனுப்பி வைக்கலாம். ஏனென்றால் வளைகுடா நாடுகளில் வீட்டு வேலைக்குப் போன பெண்களின் ஃபோனை எஜமானர்களே பிடுங்கி வைத்துக்கொண்ட கதைகள் மலையகத்துக்குப் புதிதல்ல. வரிசையில் நிற்கும் முன் ஃபோனை ஒருமுறை அணைத்துப் போட்டால், கைரேகையோ முகமோ காட்டித் திறக்க முடியாது, இலக்கம்தான் வேண்டும். விரலைப் பிடித்து வைத்துத் திறக்கலாம், மனதிலிருக்கும் இலக்கத்தை அப்படி எடுக்க முடியாது.

அதிகாரி ஃபோனைக் கேட்டால் சண்டை பிடிக்க வேண்டியதில்லை. "எந்தச் சட்டத்தின் கீழ் கேக்குறீங்க சேர்?" என்று பணிவாகக் கேட்கலாம். ஃபோனை வைத்துக்கொண்டால் எழுத்தில் பற்றுச்சீட்டு கேட்க வேண்டும். *#06# அடித்தால் வரும் ஐஎம்ஈஐ இலக்கத்தை முதலே வீட்டில் எழுதிவைப்பது இதற்காகத்தான். கைது என்றால் காரணத்தைச் சொல்லியாக வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 13ஆம் உறுப்புரை. தமிழில் காரியம் பார்க்கும் உரிமையை 22ஆம் உறுப்புரை தருகிறது. புரியாத சிங்களத்தில் எழுதிய வாக்குமூலத்துக்குக் கீழே கையெழுத்து வைப்பதுதான் பலர் செய்யும் முதல் பிழை.

வழக்குப் போட்டு என்ன ஆகப்போகிறது என்ற சலிப்பு நம்மவர்களிடம் உண்டு. நயோமி கோல்மன் என்ற பிரிட்டிஷ் பெண் 2014 ஏப்ரலில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் கைதானார். கையில் புத்தர் உருவம் பச்சை குத்தியிருந்ததுதான் காரணம். நாடுகடத்தப்பட்ட பிறகும் அவர் விடவில்லை. 2017 நவம்பரில் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லி, இழப்பீடும் செலவுமாக சுமார் 8 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொன்னது. அவர் வெள்ளைக்காரி, அதனால் கிடைத்தது என்று சொல்பவர்களுக்குக் கண்டிக்குப் பக்கத்திலேயே பதில் இருக்கிறது. கட்டுகஸ்தோட்டையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற அரச ஊழியர் றம்ஸி ராசிக், 2020 ஏப்ரலில் ஒரு முகநூல் பதிவுக்காகக் கைதாகி ஐந்து மாதம் சிறையிலிருந்தார். அவருடைய அடிப்படை உரிமை மீறப்பட்டது என்று 2023 நவம்பரில் அதே உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆனால் கணக்கு ஒரு மாதம்தான். உரிமை மீறப்பட்ட ஒரு மாதத்துக்குள் 126ஆம் உறுப்புரையின் கீழ் உயர் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் இந்தக் கணக்கில் சேராது என்கிறது 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம். புகாரைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடவும் கூடாது. விசாரணை உண்மையில் நடந்ததா என்று நீதிமன்றம் கேட்ட வழக்குகள் உண்டு. ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் கண்டியில் இருக்கிறது. மடுல்கெல்லயிலிருந்து போய்வந்தால் ஒரு நாள் பேர் போய்விடும் என்று தயங்குகிறவர்கள், முதலில் 1996 என்ற இலக்கத்துக்கு அழைத்துப் பேசலாம். வெளிநாட்டில் எஜமானர் ஃபோனைப் பிடுங்கியிருந்தால், வீட்டிலுள்ளவர்கள் அழைக்க வேண்டியது வேலைவாய்ப்புப் பணியகத்தின் 1989.