குழந்தைகளின் அம்மை கர்ப்பிணிக்கு வந்தால்?



ரூபெல்லா என்பது தட்டம்மை மாதிரியே தெரியும் ஒரு வைரஸ் காய்ச்சல். பிள்ளைகளுக்கு வந்தால் லேசான காய்ச்சல், மூணு நாள் சிவப்புத் தடிப்பு, காதுக்குப் பின்னால் நெறிகட்டு. அவ்வளவுதான். பலபேருக்கு வந்ததே தெரியாது. ஒருமுறை வந்தவருக்குப் பெரும்பாலும் மறுபடி வராது.

ஆனால் இதே கிருமி, கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் தாய்க்குத் தொற்றினால் வயிற்றுச் சிசுவைத் தாக்கும். கண்ணில் புரை, காது கேளாமை, இருதயக் கோளாறு உண்டாகலாம். கரு கலைந்தும் போகலாம். 1941-ல் இந்தத் தொடர்பைக் கண்டு சொன்னவர் ஆஸ்திரேலியக் கண் டாக்டர் நார்மன் கிரெக். குறையோடு பிள்ளை பிறந்தால் கிரகணத்தையும் மருமகளையும் பழிக்கும் வழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை.

தடுப்பூசி இருக்கிறதே என்பீர்கள். அதை அரைகுறையாகப் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு கிரீஸ் நாடு சாட்சி. அங்கே 1975 வாக்கில் குழந்தைகளுக்கு இந்த ஊசி போடத் தொடங்கினார்கள். 1980-களில்கூடப் பாதிப் பிள்ளைகளுக்குப் போடவில்லை. போட்டவர்களால் கிருமியின் நடமாட்டம் குறைந்தது. அதனால் போடாத பிள்ளைகளும் அம்மை காணாமலே வளர்ந்துவிட்டார்கள். நல்லதுதானே என்று தோன்றும். அவர்கள் கல்யாண வயதுக்கு வந்த பிறகு, 1993-ல் ரூபெல்லா பரவி வாலிப வயதினரைப் பிடித்தது. அதனால் 25 குழந்தைகள் பிறவிக் குறையோடு பிறந்தன. நோய் குறைந்தது, ஆனால் கூடாத வயதுக்குத் தள்ளிப்போயிற்று.

நம் தமிழ்நாட்டில் 2017 பிப்ரவரியில் 9 மாதம் முதல் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு முகாம் நடத்தித் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட்டார்கள். இப்போது குழந்தைக்கு 9 மாதம் முடிந்ததும் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் இன்னொன்று, இலவசமாகப் போடப்படுகிறது. இரண்டாவதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். "ஆம்பளப் பிள்ளைக்கு எதுக்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. அந்தப் பையனே தாய்க்கு நோயைக் கொண்டுவரலாமே!

2017-ல் 15 வயது தாண்டியிருந்த பெண்கள் அந்த முகாமில் சேரவில்லை. அவர்கள் கர்ப்பம் தரிக்கும் முன்பே டாக்டரைக் கேட்டுப் போட்டுக்கொள்வது நல்லது. போட்ட பின் ஒரு மாதம் கர்ப்பம் தரிக்கக் கூடாது. அதுவரை கணவர் நிரோத் உபயோகிக்கட்டும்.

கர்ப்பமாக இருப்பவர்களுக்கு இந்த ஊசி கூடாது. தடிப்புக் காய்ச்சல் உள்ள வீட்டுக்குப் போக வேண்டாம்; தெரியாமல் போயிருந்தால் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். பிரசவத்துக்குப் பிறகு ஊசி போட்டுக்கொள்ளலாம், தாய்ப்பால் கொடுக்கத் தடையில்லை.