கட்டியா, அழற்சியா?



"ஸ்கேன் எடுத்தாயிற்றே, இன்னும் ஏன் முடிவு சொல்லவில்லை?" கணைய வியாதியஸ்தரின் வீட்டார் இப்படிக் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. அதற்கான விளக்கத்தை இங்கே தருகிறோம்.

கணையம் இரைப்பைக்குப் பின்னால் குறுக்காக அமைந்த உறுப்பு. நீளம் சுமார் 15 சென்டிமீட்டர். செரிமான நீரையும் இன்சுலினையும் சுரப்பது இதுவே. இதன் தலைப்பகுதியை ஒட்டியே பித்தக்குழாய் செல்கிறது. ஆகவே அப்பகுதி புற்றுநோயால் பருத்தாலும், நாட்பட்ட அழற்சியால் தடித்தாலும், குழாய் நெருக்கப்பட்டு மஞ்சள் காமாலை வரும். வயிற்றுவலி, மெலிவு, சர்க்கரை வியாதி ஆகியவையும் இரண்டுக்கும் பொதுவானவை.

சில அடையாளங்கள் உதவுகின்றன. அழற்சியில் வலி பல ஆண்டுகளாக வந்து வந்து போகும். மலம் எண்ணெய்ப் பசையாக இருக்கும். ஸ்கேனில் கணையக் கற்கள் தெரியும். மது இதற்கு முக்கிய காரணம். ஆனாலும் தென்னிந்தியாவில், குறிப்பாகக் கேரளத்தில், மதுவைத் தொடாத இளவயதினருக்கும் இது வருகிறது. புற்றுநோயோ பெரும்பாலும் 50 வயதைக் கடந்தவர்களைத் தாக்குகிறது. வலியில்லாத காமாலையும் விரைவான மெலிவும் அதன் எச்சரிக்கைகள்.

இவையும் ஏமாற்றலாம். சிஏ 19-9 என்னும் இரத்தப் பரிசோதனையின் அளவு காமாலையாலும் உயரும். சிலருடைய உடலில் அப்பொருள் உண்டாவதே இல்லை. எண்டோஸ்கோப் அல்ட்ராசவுண்ட் வழியாக ஊசியால் திசு எடுப்பது சிறந்த வழி. ஆனால் ஊசியில் புற்றணு அகப்படவில்லை என்பதால் புற்றுநோய் இல்லை என்று ஆகிவிடாது. கட்டியைச் சுற்றிலும் தழும்புத் திசு மிகுந்திருக்கும். ஆகவேதான் சில வாரங்கள் கழித்து மறுபடியும் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார்கள்.

கட்டிபோலவே தோன்றும் இன்னொரு வகை அழற்சியும் உண்டு. அதில் ஐஜிஜி4 என்னும் எதிர்ப்புப் பொருள் இரத்தத்தில் உயர்வதை 2001-ல் ஜப்பானிய மருத்துவர்கள் வெளியிட்டார்கள். அந்த வீக்கம் ஸ்டீராய்டு மருந்திலேயே வற்றிவிடும்.

புற்றுநோயை அழற்சி என்று எண்ணினால் அறுவை சிகிச்சைக்கேற்ற காலம் கைதவறிப் போகும். அழற்சியைப் புற்றுநோய் என்று எண்ணினால், கணையத்தின் தலையும் சிறுகுடலின் முதற்பகுதியும் வீணாக அகற்றப்படும். அந்தக் காத்திருப்பு அலட்சியமல்ல.

உங்கள் சபையில் பல ஆண்டுகளாகக் கணைய அழற்சியால் வருந்துவோர் இருக்கலாம். அவர்களுக்குப் புதிதாகக் காமாலையோ மெலிவோ கண்டால், "பழைய வியாதிதானே" என்று விட்டுவிடாதீர்கள். நாட்பட்ட அழற்சி புற்றுநோய்க்கு இடங்கொடுக்கக்கூடும். உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மறுபரிசோதனைக்குக் குறித்த நாளிலும் தவறாமல் உடன் வாருங்கள்.